நுரை தராத பீப்பாய்

அத்தியாயம் 4

பொங்கலில் உப்பு இல்லை.

முதல் கவளத்திலேயே வைரக்கண்ணு கண்டுபிடித்துவிட்டான். நெய் இருந்தது, முந்திரி இருந்தது, மிளகு பல்லுக்குப் பல் அகப்பட்டது. உப்பு மட்டும் இல்லை. சட்னியைத் தொட்டு நக்கிப் பார்த்தான். அதிலும் இல்லை.

"பாய், முப்பது வேலி நிலம் வச்சிருக்கிற வீட்டுல ஒரு கல் உப்புக்குப் பஞ்சம்" என்று பக்கத்து இலையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"சத்தம் போடாம சாப்பிடு, வைரம். துப்பறியறவனுக்கு நாக்கு முக்கியமில்லை. கண்ணுதான் முக்கியம்."

"துப்பறியறவர் நீங்க. நான் வண்டி ஓட்ட வந்தவன். எனக்கு நாக்குதான் முக்கியம்."

அப்துல் ஜலீல் சிரிக்கவில்லை. உப்பில்லாத பொங்கலைப் பாயசம் போல ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு எதையும் அப்படிச் சாப்பிடத் தெரியும்.

போன வருஷம் வரை அவர் மதுவிலக்குப் போலீஸில் இன்ஸ்பெக்டர். கீழ்வேளூரிலிருந்து வேதாரண்யம் வரை அவர் உடைக்காத சாராயப் பானை இல்லை. அந்தப் பானைகளில் பெரும்பாலானவை வைரக்கண்ணுவுடையவை. ஒருநாள் அரசாங்கம் மதுவிலக்கைத் தூக்கிப் பரண்மேல் வைத்தது. பிடிக்கிறவருக்கும் வேலை போயிற்று, பிடிபடுகிறவனுக்கும் வேலை போயிற்று. இருவரும் நாகப்பட்டினத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்து ஒருவருக்கொருவர் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். டீ ஆறுவதற்குள் 'ஜலீல் துப்பறியும் நிலையம்' பிறந்துவிட்டது. போர்டு எழுதியவன் வைரக்கண்ணு. மாடியறைக்கு வாடகை கொடுத்தவர் ஜலீல்.

இன்று விடியற்காலையில் அந்த மாடியறையில் போன் மணி அடித்தது. ஜலீல் எடுத்தார், கேட்டார், வைத்தார்.

"யாரு பாய்?"

"ராத்திரி முழுக்கத் தூங்காத ஆள். வண்டியை எடு."

அவ்வளவுதான் சொன்னார். கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி நிற்கும் இந்தப் பண்ணை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, பண்ணையார் இராஜாங்கம் வெளியே வந்து, "உங்கள யாரு கூப்பிட்டது?" என்று கேட்டார். பிறகு தன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "நீங்க கூப்பிட்டீங்களா? நல்லது" என்றார். மாப்பிள்ளை செல்லதுரை, மாமனார்தான் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துத் தலையாட்டினார். உள்ளேயிருந்து பண்ணையாரின் மனைவி ரெங்கம்மாள், "முதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். அந்தச் சாப்பாடுதான் இந்தப் பொங்கல்.

இலையை மடித்துக் கை கழுவியதும் பண்ணையார் விஷயத்துக்கு வந்தார்.

"திருடு போயிருக்கு பாய். ஒரு பீப்பாய் பீர்."

"பீப்பாயோடயா?"

"பீப்பாய் இருக்கு. பீர் போச்சு."

மாப்பிள்ளை செல்லதுரை ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து பெங்களூரில் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினியராக இருப்பவர். மாமனார் வீட்டு விருந்துக்காக அங்கிருந்து ஒரு முழுப் பீப்பாய் பீரை ரயிலிலும் வேனிலுமாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். காரைக்காலில் ரைஸ்மில் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவருக்குத்தான் விருந்து. அந்தச் சிநேகிதர் இப்போது கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்து, நேற்றுக் குடிக்காத பீரை நினைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"முதல் டம்ளர் உள்ள போனதும் ஒரு நல்ல காரியம் பேசி முடிக்கறதா இருந்தோம்" என்றார் பண்ணையார். "பம்பு அடிச்சா ஒண்ணும் வரலை. வந்தவங்க முன்னால மானம் போச்சு. பீப்பாய்க்குக் காவல் இருந்தவன் வீரையன். வேற யாரு குடிச்சிருப்பா?"

"வீரையன் எங்க?"

பண்ணையார் கையை நீட்டினார். மாட்டுக்கொட்டகை வாசலில் இரண்டு ஆட்களுக்கு நடுவில் ஒருவன் குந்தியிருந்தான். அதற்கும் அப்பால், களத்துமேட்டு ஓரத்தில் ஒரு கூரை வீடு. அதன்மேல் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் உச்சியில் ஒருவன் அரிவாளோடு உட்கார்ந்து, உத்தரவுக்குக் காத்துப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பாதிக் கூரை ஏற்கெனவே கீழே கிடந்தது. வாசலில் சட்டிபானைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வீரையனின் மனைவி பொன்னுத்தாய் நின்றிருந்தாள். வரப்பில் ஒரு சிவப்புக் கொடியும் அதன் கீழே பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்திருந்தார்கள்.

வைரக்கண்ணுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பண்ணை நிலத்தில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கே அந்த மனை என்று போன வருஷம் சட்டம் வந்துவிட்டது. இதே பண்ணையார் நில உச்சவரம்புக்குப் பயந்து, செத்துப்போன சித்தப்பா பேரிலும் இன்னும் பிறக்காத பேரன் பேரிலும் நிலத்தை எழுதி வைத்திருப்பவர். அப்படிப்பட்டவருக்குக் களத்துமேட்டுப் பக்கத்து மனை தொண்டையில் மாட்டிய மீன்முள். திருட்டுப் பட்டம் கட்டினால் முள் தானாக வெளியே வந்துவிடும்.

"திருடனுக்கு மனை கொடுன்னு எந்தச் சட்டமும் சொல்லலை" என்றார் பண்ணையார், அவன் மனதைப் படித்தவர் போல. "உச்சிப் பொழுதுக்குள்ள கூரை இறங்கிடும். நீங்க அவன் வாயால உண்மைய வரவழைச்சுட்டா, போலீஸுக்கும் சௌகரியம்."

ஜலீல் வீரையனிடம் போனார்.

"நீ குடிச்சியா?"

"அந்தப் பீப்பாயில இருந்ததை நான் ஒருத்தனே குடிச்சிருந்தா, இங்க குந்தியிருப்பனா ஐயா? கீவளூர் கடைத்தெருவுல உருண்டுகிட்டுக் கெடப்பேன். நீங்க தேடி வர வேண்டியதில்ல, ஊரே தூக்கிட்டு வந்திருக்கும்."

"பேச்சைப் பார்த்தியளா?" என்றார் பண்ணையார். "போன வருஷம் வரைக்கும் 'ஆண்டே'ன்னு சொன்ன வாய். கொடி பிடிச்சதும் 'ஐயா'வாச்சு."

"அடுத்த வருஷம் 'தோழரே'ம்பான். இப்பவே பழகிக்குங்க" என்றான் வைரக்கண்ணு.

ஜலீல் அவன் காலை மிதித்தார்.

"நேத்து பூரா இங்கேயே இருந்தியா?" என்று வீரையனைக் கேட்டார்.

"மத்தியானம் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனேன். மத்தபடி நகரலை."

கொட்டகைக்குள் சிமெண்டுக் கழனித் தொட்டி ஒன்று இருந்தது. அதன் நடுவில் பீப்பாய் எஃகுப் பளபளப்போடு நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஐஸ் கட்டிகள் முக்கால்வாசி கரைந்து, பீப்பாயின் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. மேலே உமி மிதந்தது. தொட்டி ராத்திரி வழிந்திருக்க வேண்டும். தரையெல்லாம் ஈரம். அந்த ஈரத்தின்மேல் ஒரு மயிலைப் பசு குனிந்து, கல்தரையை நக்கு நக்கு என்று நக்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கு நேரே பச்சைப் புல் கட்டு கிடந்தது. அதை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பசுவுக்கும் பீர் ஆசை வந்துட்டுது" என்றான் வைரக்கண்ணு. "பண்ணையில இதுவும் ஒரு சந்தேக ஆசாமி, பாய். எழுதிக்குங்க."

ஜலீல் பசுவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஈரத் தரையை விரலால் தொட்டார். அந்த விரலை என்ன செய்தார் என்று வைரக்கண்ணு கவனிக்கவில்லை. அவன் பீப்பாயின் தலைமேல் உட்கார்ந்திருந்த பித்தளைக் குழாயையும் கைப்பம்பையும் கவனித்துக்கொண்டிருந்தான். தொழில்காரன் கண் தொழில் சாமான்மேல்தான் போகும்.

"மாப்பிள்ளை சார்" என்று ஜலீல் செல்லதுரையைக் கூப்பிட்டார். "பீப்பாயை எப்படித் தயார் பண்ணீங்க? எனக்கு இது புதுசு. நான் உடைச்சதெல்லாம் மண்பானை."

செல்லதுரையின் முகம் நேற்றிலிருந்து முதல் தடவையாக மலர்ந்தது.

"வந்து இறங்கினதும் தொடவே கூடாது சார். ஒரு நாள் முழுக்க அசையாம நிக்கணும். குலுங்கின பீரைத் திறந்தா நுரைதான் கொட்டும். நிக்கற நேரத்துல நல்லாக் குளிரணும். சுத்தி ஐஸ், ஐஸ்மேல உமி, பீப்பாய்மேல ஈரச்சாக்கு. அப்புறம் குழாயை வெந்நீர்ல கழுவி, அது மூடியிருக்கான்னு பார்த்துட்டு, தலையில வச்சு அழுத்தித் திருகணும். பம்பை நிதானமா அடிக்கணும். முதல்ல வர்ற நுரையைக் கொட்டிடணும். அதுக்கப்புறம் டம்ளரைச் சாய்ச்சுப் பிடிச்சா பொன்னாட்டம் இறங்கும்."

"எல்லாம் செஞ்சீங்களா?"

"ஒண்ணு விடாம."

"இந்தக் குழாய் இல்லாம யாராவது எடுக்க முடியுமா?"

"முடியாது சார். உள்ள அழுத்தம் இருக்கு. ஆணிய கீணிய வச்சு நோண்டினா கொட்டகை பூரா நுரை பீய்ச்சியடிச்சிருக்கும். குழாய் என் பெட்டியில பூட்டியிருந்தது. சாயங்காலந்தான் எடுத்தேன்."

"அப்ப இவன் எப்படிக் குடிச்சிருப்பான்?"

செல்லதுரை மாமனாரைப் பார்த்தார். மாமனார் உத்தரத்தைப் பார்த்தார்.

"குடிக்கறவனுக்கு ஆயிரம் வழி" என்றார் பண்ணையார்.

"அனுபவஸ்தன் சொல்றேன், இதுக்கு ஒரு வழிகூட இல்லீங்க" என்றான் வைரக்கண்ணு.

ஜலீல் அடுத்த கேள்விக்குப் போனார். "நேத்து பம்பு அடிச்சப்ப என்ன வந்துச்சு? நுரை?"

"ஒரு சொட்டுகூட வரலை."

"காத்து? புஸ்ஸுன்னு?"

"அதுவும் வரலை சார். பம்பு இறுகிப் போச்சு. அதுக்குமேல கீழ இறங்கலை."

"ஓகோ" என்றார் ஜலீல்.

இந்த 'ஓகோ' வைரக்கண்ணுவுக்குத் தெரியும். வாய்க்கால் கரையில், வைக்கோல்போருக்கு அடியில் அவன் ஒளித்து வைத்த பானையை நோக்கி நடந்து வரும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் இதே 'ஓகோ'வைத்தான் சொல்லுவார். அதற்கப்புறம் பானை உடையும்.

"ஐயா, பீப்பாய் காலின்னு உங்களுக்கு நிச்சயமா?" என்று பண்ணையாரிடம் கேட்டார்.

"இதுல என்ன சந்தேகம்? அதுல ஒரு டம்ளர் பீர் இருந்துச்சுன்னா, நானே அந்த ஏணில ஏறி அவன் வீட்டுக்குக் கூரை போடுறேன்."

"மன்னிக்கணும். எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்."

பண்ணையார் குரலை உயர்த்தினார். கூடத்திலிருந்து ரைஸ்மில்காரர் எழுந்து வந்தார். வரப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு டம்ளர் இருந்தாலும் நானே ஏறிக் கூரை போடுறேன். மனைப்பக்கமும் திரும்பிப் பார்க்கமாட்டேன். போதுமா?"

"போதும். இப்ப நல்லாக் கேட்டுச்சு. வைரம், ஒரு காலிக் குடம் கொண்டா."

ஜலீலுக்குக் காது மந்தமில்லை. வயலுக்கு அந்தக் கரையில் அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்கிற காது அது. வைரக்கண்ணு போய்க் கிணற்றடியிலிருந்து குடத்தை எடுத்து வந்தான். ஜலீல் அதைத் தொட்டித் தண்ணீரில் வைத்தார். குடம் ஒருமுறை தலையாட்டிவிட்டு, பீப்பாயைச் சுற்றி ஒய்யாரமாக மிதந்து போயிற்று.

"ஏன் மிதக்குது?"

"காலிக் குடம் மிதக்காம முழுகுமா?" என்றார் பண்ணையார் எரிச்சலோடு.

"அதே தண்ணிதானே பீப்பாய்க்கும். இடுப்பளவு நிக்குது. காலிப் பீப்பாயா இருந்தா அதுவும் எழும்பி ஆடணுமில்ல? மாட்டுப்பொங்கலுக்குக் கொம்புல வர்ணம் பூசுறப்ப நிக்கற எருமை மாதிரி, ஆடாம அசையாம நிக்குதே?"

பண்ணையார் குடத்தையும் பீப்பாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தொண்டை அடைச்சவனும் பேசமாட்டான், செத்தவனும் பேசமாட்டான்" என்றார் ஜலீல். "காலிப் பீப்பாயில பம்பு அடிச்சா காத்தாவது வரணும். காத்துகூட வரலைன்னா அது காலியில்லை, அடைப்பு. நேத்து ராத்திரி உள்ள பீர் உறைஞ்சுபோய் நின்னிருக்கு. இப்ப ஐஸ் கரைஞ்சிருக்கு. மாப்பிள்ளை சார், மறுபடியும் அடிங்க."

செல்லதுரை பம்பை அடித்தார். குழாயைத் திறந்தார்.

முதலில் ஒரு இருமல். பிறகு நுரை. அந்த நுரையைத் தரையில் கொட்டிவிட்டு, டம்ளரைச் சாய்த்துப் பிடித்தார். அறுவடைக்கு நிற்கிற சம்பா நெல்லின் நிறத்தில் அது இறங்கியது.

வீரையன் எழுந்து நின்றான். அவனைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் தங்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் டம்ளர் தேடப் போனார்கள்.

"ஐஸ்ல எப்படிங்க பீர் உறையும்?" என்றார் செல்லதுரை. "வெறும் ஐஸுக்கு அவ்வளவு குளிர் கிடையாதே. உப்பு சேர்த்தாத்தானே..." அங்கேயே நின்றுவிட்டார்.

"உப்பா? எவன் போட்டான் உப்பை?" என்று பண்ணையார் அலறினார்.

ஜலீல் நிதானமாகப் பசுவின் கழுத்தைத் தடவினார். "மீனுக்குப் போடுற ஐஸை வாங்கியிருக்கீங்க. அதுல உப்பு இல்லாம இருந்தாத்தான் அதிசயம். அதை விடுங்க. ஏணி காத்துக்கிட்டிருக்கு."

பண்ணையார் ரைஸ்மில்காரரைப் பார்த்தார். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணையார் வரப்பைப் பார்த்தார். வரப்பு மொத்தமும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஏணி உச்சியிலிருந்தவன் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாக இறங்கி வழிவிட்டான்.

"கீத்தைத் தலைகீழா வைக்கிறீங்க ஐயா" என்று கீழேயிருந்து வீரையன் சொன்னான். "மழை உள்ள வந்துடும்."

"தெரியும்டா."

"தெரிஞ்சா திருப்பி வைங்க."

திறந்த பீப்பாய் ஒரு நாளுக்குமேல் தாங்காது என்று செல்லதுரை சொன்னார். அப்படியானால் வீணாக்கக் கூடாது என்று ஜலீல் சொன்னார். வரப்பில் நின்றவர்கள் கொடியை ஒரு தென்னை மரத்தில் சாய்த்துவிட்டு வரிசையில் வந்தார்கள். கடைசி டம்ளர்வரை சாய்த்துப் பிடித்து ஊற்றியவர் மாப்பிள்ளைதான். ரைஸ்மில்காரர், கூலியாட்களோடு வரிசையில் நிற்க முடியாது என்று காரில் ஏறிக் காரைக்காலுக்குப் போய்விட்டார். பேசி முடிக்க வேண்டிய நல்ல காரியமும் அவரோடு காரில் ஏறிப் போயிற்று.

வைரக்கண்ணு தன் டம்ளரோடு ஜலீலைத் தேடினான். அவர் கொல்லைப்புறம் அடுக்களை வாசலில் நின்று ரெங்கம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"உப்புப் பானையைக் காட்டுங்கம்மா."

ரெங்கம்மாள் காட்டினாள். வருஷத்துக்கு ஒருமுறை வேதாரண்யத்து வண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகும் பெரிய பானை. உள்ளே துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

வைரக்கண்ணுவுக்குப் பொங்கல் இப்போதுதான் தொண்டையில் இறங்கியது. பசு நக்கியது பீரை அல்ல. அவனுடைய இலைக்கு வர வேண்டிய உப்பை.

"வீரையன் கஞ்சிக்குப் போனப்ப கொட்டினீங்க" என்றார் ஜலீல்.

"போன கோடையில மாப்பிள்ளைதான் ஐஸ்கிரீம் பண்ணச் சொல்லிக் கொடுத்தாரு. ஐஸ்ல உப்பைப் போட்டா எதுவும் கல்லாயிடும்னாரு." அவள் குரல் தணிந்திருந்தது. "இவருக்கு ஒரு டம்ளர் உள்ள போனாப் போதும், கேட்டவனுக்குக் கேட்டதைத் தூக்கிக் கொடுத்துடுவாரு. அவரோடதைக் கொடுக்கட்டும். என் மஞ்சக்காணி எங்கப்பா எனக்குக் கொடுத்த நிலம். ரைஸ்மில்காரர் ஒரு மாசமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காரு. வேண்டாம்னு நான் சொன்னதை யாரும் காதுல போட்டுக்கலை. பீர் வரலைன்னா பேச்சும் வராதுன்னு நினைச்சேன். பழி வீரையன் தலையில விழும்னு நினைக்கலை."

"ராத்திரியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அவங்க வீட்டுல கூரை இருந்திருக்கும். எனக்கு வீடு இருந்திருக்காது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதான் எல்லாரும் அசந்ததும் உங்களுக்குப் போன் போட்டேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

வைரக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தான்.

"பாய், குத்தவாளியே துப்பறியறவரைக் கூப்பிட்ட கேஸ் இதுதான் முதல்" என்றான். "என் காலத்துல எனக்கு இந்த யோசனை தோணாம போச்சு."

"உனக்குப் போன் இல்லை" என்றார் ஜலீல்.

அப்போது பொன்னுத்தாய் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய, ரெங்கம்மாள் கேட்டனுப்பியிருந்த உப்பு. ரெங்கம்மாள் இரண்டு எட்டு முன்னால் போய் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். இதற்குமுன் அந்தப் படலைத் தாண்டிக் கூலியாட்கள் வீட்டிலிருந்து எதுவும் இந்த அடுக்களைக்குள் வந்ததில்லை. உள்ளே போய் உலையை மறுபடியும் வைத்தாள்.

வெயில் ஏறிய பிறகு பண்ணையார் கூரையிலிருந்து இறங்கி வந்தார். தலையெல்லாம் கீற்றுத் தூசி, முழங்கையில் சிராய்ப்பு. யாரையும் பார்க்காமல் இலையில் உட்கார்ந்து, புதுப் பொங்கலை அள்ளி வாயில் போட்டார். மென்றார். இன்னொரு கவளம் அள்ளினார்.

"ரெங்கம், காலையில எனக்கு நாக்கே செத்துப்போச்சுன்னு நினைச்சேன்" என்றார். "இதுலதான் உப்பு சரியா இருக்கு."

"நம்ம வீட்டுது இல்லீங்க" என்றாள் அவள். "பொன்னுத்தாய் கொடுத்தா."

கவளம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவர் இலையைப் பார்த்தார், வாசலுக்கு அப்பால் தான் கோணலாக வேய்ந்த கூரையைப் பார்த்தார், பசியைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டு முடித்தார்.